குறுக்கே ஒரு சிவப்புக் கோடு

‘ட்யூ டு’ என்று தொடங்கியது அந்த மாதிரிக் கடிதம். அந்த இரண்டு சொல்லிலேயே பொன்னுரங்கத்துக்குச் சுள்ளென்று ஏறியது. வேலைப் பளுவின் காரணமாக. அதாவது குற்றம் செய்தது வேலைப் பளு, அவர் அதற்குத் துணைக்கு வந்த ஆள். இருபத்தெட்டு வருடமாகக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவரிடம் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் ரெஜினா மேடம் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த ஒரு ஜெராக்ஸை நீட்டி, “இதப் பாத்து அப்படியே எழுதிருங்க சார், பேரு, தேதி, தாள் நம்பர் மட்டும் மாத்திக்கங்க, அஞ்சு மணிக்குள்ள குடுத்தா இன்னிக்கே ஃபைல மூடிரலாம்” என்று சொல்லியிருந்தாள். அவர் வாங்கிக்கொண்டு வந்து வராந்தாவில் வரிசையாகப் பிணைத்துப் போட்ட இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். காப்பியடித்தவர்களைப் பிடித்து வெளியே அனுப்பிய கை இப்போது காப்பியடிக்க வேண்டும். மணி இரண்டே முக்கால். மடியில் மூன்று காகிதங்கள். முதலாவது, விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸ்: நவம்பர் மாதத் தேர்வில், பகுதி இரண்டு ஆங்கிலத் தாள் ஒன்றுக்கு அவர் போட்ட மதிப்பெண் இருபத்திரண்டு, தேர்ச்சிக்கு வேண்டியது முப்பது, மறுமதிப்பீட்டில் வந்தது முப்பத்தொன்று, கடைசிப் பக்கத்தின் பத்து மதிப்பெண் கேள்வி திருத்தப்படாமல் அடிக்கப்பட்டிருக்கிறது, காரணம் கூறவும். இரண்டாவது இந்த மாதிரிக் கடிதம். மூன்றாவது அந்தக் கடைசிப் பக்கத்தின் நகல். அதை அவர் இன்னும் படிக்கவில்லை. மடித்து மடியில் வைத்திருந்தார், சுடுகிற டம்ளரை வேட்டி முனையால் பிடிப்பதுபோல.

மாதிரிக் கடிதத்தை மட்டும் நாலு தடவை படித்துவிட்டார். படிக்கப் படிக்க அதை எழுதியவனின் கெட்டிக்காரத்தனம் தெரிந்தது. ‘ட்யூ டு’ பழியை வேறு பக்கம் தள்ளிவிடுகிறது. அடுத்து வருவது ‘சர்டன் மார்க்ஸ்’, சில மதிப்பெண்கள். எந்த மதிப்பெண்? யாருடையது? பன்மைக்குள் நுழைந்துவிட்டால் திருவிழாக் கூட்டத்தில் புகுந்த மாதிரி, எவனையும் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. மூன்றாவது ‘இன்அட்வர்ட்டன்ட்லி’, கவனக்குறைவாக. அது கையைக் கழுவித் துண்டில் துடைத்துவிடுகிற சொல். மூன்றையும் அந்த வரிசையில் கோர்த்துவிட்டால் ஆளே காணாமல் போய்விடுகிறான். வேலை இருந்தது, மதிப்பெண்கள் இருந்தன, கவனக்குறைவு இருந்தது, பேனா தானாக நகர்ந்தது. வகுப்பில் எத்தனை வருடம் இதையே பாடமாக நடத்தியிருக்கிறார். முன்னிடைச்சொல் பெயரோடு சேரும், பெயர் பன்மையாகும், வினையை உரிச்சொல் வந்து தொடும், இந்த மூன்றும் கைகோர்த்தால் அன்றாட ஆங்கிலம் நடக்கத் தொடங்கும். நடக்கத் தொடங்கி எங்கே போகும் என்று அவர் சொன்னதில்லை. இப்படி ஒரு ஆபீஸ் உறைக்குள்தான் போகும் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கல்லூரியிலிருந்து ஜெயசீலன், துறையில் அவருக்கு அடுத்தவர். “என்ன பாஸ், எழுதிட்டீங்களா? ரெண்டு வருசத்துக்கு முன்னால நானும் அதே லெட்டர்தான் எழுதிக் குடுத்தேன். அந்தம்மா டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சு.” “டீ வேற குடுப்பாங்களா?” “சக்கரை கம்மியாத்தான் இருக்கும். ஏன் பாஸ், குரல் ஒரு மாதிரி இருக்கு? யோசிக்காதீங்க. பிரின்சிபால் பதவிக்குப் பேனல் போடுறது அடுத்த மாசம். உங்க பேரு மூணாவதா இருக்கு. இப்பப் போயி ஒரு மெமோ வாங்கி வச்சுக்காதீங்க.” சரி என்று வைத்துவிட்டார். யோசிக்காதீங்க. யோசிக்காமல் இருந்ததுதானே இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

நகலை விரித்தார். முதலில் கண்ணில் பட்டது எழுத்து அல்ல, கோடு. வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்கு இறங்கிய கோடு, நகலில் கறுப்பாக வந்திருந்தது, ஆனால் அவருக்கு அது சிவப்பாகவே தெரிந்தது. முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி. அந்தக் கொக்கியை அவருக்குத் தெரியும். கோடு முடிவதற்குள் கை அடுத்த தாளை எடுக்கப் போய்விட்டால் விழுகிற கொக்கி அது. கோட்டைப் போட்டது கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் நம்பலாம், அந்தக் கொக்கி அவசரத்தின் கையெழுத்து. அந்தப் பிற்பகலை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். விடைத்தாள் திருத்தும் முகாம், ஒரு மேஜைக்கு ஆறு பேர், காலையில் இருபத்தைந்து தாள், மதியம் இருபத்தைந்து. மின்சாரம் போயிருந்ததா? தலைவலியா? வீட்டிலிருந்து ஏதாவது போன் வந்ததா? மனம் ஒவ்வொரு சாக்காக எடுத்துக் கொண்டுவந்து காட்டியது, ஜவுளிக்கடைக்காரன் புடவை எடுத்துப் போடுவதுபோல. எதுவும் இல்லை. மின்விசிறி சுற்றியது, வயிறு நிறைந்திருந்தது, வெளியே டீ கொதிக்கும் வாசனை வந்தது. மறந்துபோனது என்றுகூடச் சொல்ல முடியாது. நினைவில் நிற்பதற்கு அங்கே ஒன்றும் நடக்கவே இல்லை. மேஜையில் அவரை ‘எக்ஸ்பிரஸ்’ என்பார்கள். மற்றவர்கள் பதினைந்தாவது தாளில் இருக்கும்போது அவர் கட்டைக் கட்டி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அதில் அவருக்குப் பெருமை இருந்தது. இருந்ததா? இருந்தது. இப்போது இல்லை என்று சொல்லிவிட்டால் மட்டும் இல்லாமல் போய்விடுமா?

வேகத்தின் சூட்சுமம் அவருக்கு மட்டுமே தெரிந்தது. அந்தக் கடைசிக் கேள்வி வருடா வருடம் ஒன்றுதான். ஒரு முன்னிடைச்சொல், ஒரு பன்மைப் பெயர், ஒரு வினையுரிச்சொல், மூன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம், இப்படி ஐந்து. சொந்தமாக என்றுதான் வினாத்தாளில் அச்சடித்திருக்கும். ஆனால் வினாத்தாள் தயாரிக்கிறவர் சொற்களை எடுப்பது ஒரு கைடிலிருந்து, பிள்ளைகள் மனப்பாடம் செய்வது அதே கைடிலிருந்து, அந்தக் கைடை எழுதியவர் பொன்னுரங்கம். ‘ஆன்’, ‘ஷெல்வ்ஸ்’, ‘நீட்லி’ என்றால் புத்தகங்கள் அலமாரிகளில் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. ‘இன்’, ‘கார்டன்ஸ்’, ‘ஹாப்பிலி’ என்றால் குழந்தைகள் பூங்காக்களில் மகிழ்ச்சியாக விளையாடுகிறார்கள். ‘அக்ராஸ்’ வந்தால் வீரர்கள் துணிச்சலாகப் பாலத்தைக் கடப்பார்கள். இருபத்தோரு வருடமாக அவருடைய பத்து வாக்கியங்களையே அவர் ஆயிரக்கணக்கான கையெழுத்துகளில் திருத்திக்கொண்டிருக்கிறார். படிக்க வேண்டியதில்லை. வாக்கியத்தின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்தால் போதும், அவருடையது என்றால் டிக். இல்லையென்றால் கோடு. அது அவருக்குத் திருட்டாகத் தெரியவில்லை, அத்தனை வருடத்தில் ஒரு நாளும் தெரியவில்லை. அடக்கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

அந்தப் பெண், பெண் கையெழுத்துதான், வட்ட வட்டமாக, அவருடைய பத்தில் ஒன்றைக்கூட எழுதவில்லை. அலமாரிகள், ஒழுங்காக: எங்கள் வீட்டு அலமாரிகளில் டப்பாக்கள் ஒழுங்காக நிற்கின்றன, உள்ளே என்ன இருக்கிறது என்பது டப்பாக்களுக்குத்தான் தெரியும். அவருக்குச் சிரிப்பு வந்தது. அது வந்ததிலேயே கோபமும் வந்தது. பஸ்கள், மெதுவாக: அம்மா தினமும் இரண்டு பஸ்களிலிருந்து மெதுவாக இறங்குகிறாள், அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுகிறார். வீரர்கள், துணிச்சலாக: எங்கள் தெருவைக் கடந்து எறும்புகள் வீரர்களைப் போலத் துணிச்சலாகப் போகும், பிறகு என் தங்கை பெருக்குவாள். சுவர்கள், ரகசியமாக: இரண்டு சுவர்களுக்கு நடுவே பூனை ரகசியமாகக் குட்டி போட்டிருக்கிறது, வீட்டுக்காரரிடம் நாங்கள் சொல்லவில்லை. ஆங்கிலம் அங்கங்கே நொண்டியது. ஒரு இடத்தில் ‘தி’ இல்லை, ஒரு இடத்தில் காலம் புரண்டிருந்தது. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவளுடைய கால் படியில் தேடுவது தெரிந்தது. கடைசி வாக்கியம் பூங்காக்கள், மகிழ்ச்சியாக: நான் பூங்காக்களைப் பார்த்ததில்லை, ஸ்டூடியோ போட்டோக்களில் மனிதர்கள் பூங்காக்களில் மகிழ்ச்சியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதன் மேலேதான் கோட்டின் கொக்கி விழுந்திருந்தது.

பூங்காவை அவரும்தான் பார்த்ததில்லை, அந்தக் கைடை எழுதின காலத்தில். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்கு. கட்டிலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள்தான் புத்தகங்கள், பாதியை எலி கடித்திருந்தது. அலமாரி ஏது? முதலில் எழுதிக் கொண்டுபோன வாக்கியங்களில் எலியும் இருந்தது. சுவர்கள் வழியாகப் பக்கத்து வீட்டு இருமல்கள் தெளிவாகக் கேட்கின்றன என்று ஒன்று எழுதியிருந்தார். ‘த்ரூ’, ‘வால்ஸ்’, ‘க்ளியர்லி’. அதை எழுதிய அன்று, ஒரு வாக்கியம் சரியாக வந்துவிட்டது என்பதற்காகவே அந்த அறைக்குள் இரண்டு தடவை நடந்தார். பதிப்பாளர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, “சார், நம்ம வீட்டுல நடக்குறதயெல்லாம் எழுதாதீங்க, பரிட்சைக்கு ஆகாது. நல்லதா எழுதுங்க, பார்க்கு, பாலம், பட்டாளம்னு” என்று நீலப் பென்சிலால் அடித்தார். பொன்னுரங்கம் தாளை மடித்துப் பையில் வைத்தார். வீட்டுக்குப் போய் பார்க்கு எழுதினார், பாலம் எழுதினார். அந்த நீலக் கோட்டுக்குக் கொக்கி இல்லை. அந்த மனிதர் படித்துவிட்டுத்தான் அடித்தார். அந்த அளவுக்கு அவர் யோக்கியர். சரி, அந்த ஆள் மேல் கோபப்படலாமா? இருபத்தோரு வருடத்துக்குப் பிறகு, செத்தும்போன மனிதர் மேல்? அதுவும் ஒரு ‘ட்யூ டு’தான். எங்கே திரும்பினாலும் ஒரு ‘ட்யூ டு’ நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறது.

மூன்றாவது கவுண்ட்டரில் குரல் உயர்ந்ததும் நிமிர்ந்தார். இருபது, இருபத்தொரு வயதில் ஒரு பெண், துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்திருந்தாள். பின்னால் அவள் அம்மா, இரண்டு கையிலும் பை. உள்ளே இருந்த கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தான்: “காளீஸ்வரி, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பார்ட் டூ இங்கிலீஷ். இருபத்திரண்டு முப்பத்தொண்ணு ஆயிருச்சும்மா. இந்தா புது மார்க் ஷீட்டு. ஸ்வீட்டு வாங்கிட்டுப் போ.” “வேலை போச்சுண்ணே. அதுக்கு என்ன வாங்கிட்டுப் போகணும்?” “என்ன வேலை?” “மருந்துக் கம்பெனில லேப் வேலை. ஜனவரிக்குள்ள மார்க் ஷீட்டு கேட்டாங்க. இப்ப மார்ச்சு. வேற ஆள எடுத்துட்டாங்க.” “அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?” “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஜெராக்ஸ் வாங்கிப் பாத்தேன், கடைசிப் பக்கத்துல கோடு. அதப் படிச்சிட்டு சைபர் போட்டாங்களா, படிக்காமயே போட்டாங்களா?” கிளார்க் சிரித்தான். “திருத்துனது யாருன்னே எங்களுக்குத் தெரியாது, நீ வேற.” “யாருன்னு கேக்கல. பேரு வேண்டாம். படிச்சாங்களா இல்லையா, அது மட்டும்.” “அதெல்லாம் ரகசியம்மா. வேணும்னா மனு எழுதி அந்தத் தபால் ஜன்னல்ல குடு.” “குடுத்தா பதில் வருமா?” “வந்தாலும் வரும்.” அம்மா அவள் முழங்கையைத் தொட்டாள். “விடுத்தா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.” “சும்மா இரும்மா. ரெண்டு பஸ் புடிச்சு வந்தது இந்த ஒரு பேப்பர வாங்குறதுக்கா?” அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்து, சுவரில் வைத்து எழுத ஆரம்பித்தாள்.

பொன்னுரங்கம் ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தார். நகலை எழுத்து உள்ளே போகும்படி மடித்தார். அவளுக்கு இவரைத் தெரியாது, தெரியவும் போவதில்லை. தாளின் நம்பரை மறைத்து வேறு நம்பர் ஒட்டுவது இதற்குத்தான், திருத்துகிறவனுக்கு எழுதினவளைத் தெரியக்கூடாது, எழுதினவளுக்குத் திருத்தினவனைத் தெரியக்கூடாது. நல்ல ஏற்பாடு. நீதிக்காகச் செய்தது. இப்போது அது அவருக்குப் போர்வையாக இருந்தது, இழுத்துத் தலைவரை மூடிக்கொள்ளலாம். ஒரு கணம் அவள் மேலேயே கோபம் வந்தது. ஏன் இப்படி எழுத வேண்டும்? எல்லாரும் எழுதுவதுபோல எழுதிவிட்டுப் போயிருந்தால் பத்துக்குப் பத்து வந்திருக்கும், வேலைக்குப் போயிருப்பாள், அவரும் பிரின்சிபால் ஆகியிருப்பார், பூனை அதன் பாட்டுக்குக் குட்டி போட்டிருக்கும். கோபம் அப்படியே கொஞ்ச தூரம் ஓடியது, பிறகு அதற்கே மூச்சு வாங்கியது. சொந்தமாக எழுது என்று கேட்டார்கள், எழுதினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. படிச்சாங்களா இல்லையா. இருபத்தெட்டு வருடத்தில் எந்த இன்ஸ்பெக்‌ஷனிலும் எவனும் அவரிடம் கேட்காத கேள்வி. பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். ஆங்கிலத்தில் எழுதினார், மூன்று வரி. இந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. படிக்காமல் கோடு போட்டேன். அன்று எனக்கு உடம்புக்கோ மனதுக்கோ ஒன்றும் இல்லை. அதற்குமேல் சேர்க்க ஒரு சொல்லும் வரவில்லை. வந்த ஒவ்வொரு சொல்லும் அந்த பிளாஸ்டிக் உறையிலிருந்தே வந்தது.

ரெஜினா மேடம் படித்துவிட்டு அவரைப் பார்த்தாள். “என்ன சார் இது, வாக்குமூலமா?” “விளக்கம்தான கேட்டிருந்தீங்க.” “விளக்கம்னா இப்படியா? மேல உள்ளவங்க இதப் பாத்தா உங்கள விட மாட்டாங்க, என்னையும் விட மாட்டாங்க. ஏன் சார், வீட்டுல ஏதும் பிரச்சனையா?” அவள் குரலில் நிஜமாகவே கரிசனம் இருந்தது. அதுதான் அவரை மேலும் எரித்தது. “வீட்டுல ஒண்ணும் இல்ல மேடம். பேப்பர்லதான் பிரச்சனை.” அவள் பேனாவால் மேஜையைத் தட்டி யோசித்தாள். “சரி, உங்க இஷ்டம், இப்படியே இருக்கட்டும். கடைசில ஒரு வரி மட்டும் போடுங்க. இந்த ஒரு தாள் மட்டுந்தான் இப்படி ஆச்சு, மத்தது எல்லாம் ஒழுங்கா திருத்துனேன்னு. அது போதும் எனக்கு. நான் மூடிருதேன்.” ஒரே வரி. தாளை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றபடி பேனாவைத் திறந்தார். இந்த ஒரு தாள் மட்டும். எழுதிவிட்டால் அவள் டீகூடச் சொல்வாள். சுவரில் வைத்து எழுதுகிற பெண்ணுக்கும் பதில் கிடைத்த மாதிரிதான், படிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டாகிவிட்டதே. ஆனால் கொக்கி? எத்தனை கொக்கிகள்? கட்டுக் கட்டாக, முகாம் முகாமாக, அவருடைய பார்க்கையும் பாலத்தையும் எழுதாதவர்கள், ரெண்டு மார்க்கில், நாலு மார்க்கில் விழுந்து, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றுகூடத் தெரியாமல் எங்கெங்கோ போனவர்கள். அவர்கள் வீட்டில் டப்பாக்கள் எப்படி நின்றன, யாருடைய அம்மா எந்த பஸ்ஸிலிருந்து இறங்கினாள், ஒன்றும் தெரியாது. அவர் படித்தால்தானே. வேலை போகுமா? போகாது, ஆனால் மெமோ, விசாரணை, பேனலிலிருந்து பெயர் நீக்கம், ஸ்டாஃப் ரூமில் அவர் நுழையும்போது விழுகிற அந்த மௌனம். மனைவியிடம் என்ன சொல்வது? எழுதினார். இந்த ஒரு தாள் மட்டும் என்று என்னால் சொல்ல முடியாது. கடைசிப் பக்கங்களை முதல் இரண்டு சொற்களைப் பார்த்தே திருத்தி வந்திருக்கிறேன். அன்று மதியம் திருத்திய இருபத்தைந்து தாள்களையும் எடுத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய முகாம்களின் தாள்கள் இருந்தால் அவற்றையும்.

ரெஜினா மேடம் அதை வாங்கவில்லை. இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். “நான் தொட மாட்டேன் சார். தபால் ஜன்னல்ல குடுத்துட்டுப் போங்க. எப்படியும் சுத்தி என் டேபிளுக்குத்தான் வரும். எந்த ஃபைலுக்குள்ள போகணும்னு நான் பாத்துக்கிறேன். நாளைக்குத் தூங்கி எந்திரிச்சு நீங்களே வந்து, நல்ல வேளை மேடம்னு சொல்வீங்க.” அவள் சொன்னது நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஏதாவதொரு தடித்த ஃபைலுக்குள் நூற்று எண்பதாவது பக்கமாக அது படுத்துக்கொள்ளும். அவர் ஒப்புக்கொண்டவராகவும் ஆவார், ஒன்றும் நடக்காமலும் இருக்கும். அந்த நினைப்பில் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆபீஸுக்கு வருகிற கடிதங்களை வாங்கும் தபால் ஜன்னலில் மணி நாலே முக்கால். உள்ளே இருந்தவன் கையை நீட்டி, பார்க்காமலே, “தேதி போட்டிருக்கா?” என்றான். ஒரு கையில் ரப்பர் ஸ்டாம்ப்பை மையில் அமுக்கிக்கொண்டிருந்தான். “போட்டிருக்கு. படிச்சுப் பாருங்க.” “படிக்கிறது என் வேலை இல்ல சார். ஸ்டாம்ப் அடிச்சு நம்பர் போடுறதுதான்.” “ஒரு தடவ படிங்க.” “சார், பின்னால ஆளு நிக்குது.” பின்னால் நின்றது காளீஸ்வரி. கையில் நோட்டுத்தாளில் எழுதிய மனு. அவள் அம்மா பைகளைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். “சார், கொஞ்சம் வெரசா குடுங்க சார், அஞ்சு மணிக்கு மூடிருவாங்க” என்றாள். பொன்னுரங்கம் திரும்பினார். அவளைப் பார்க்காமல் அவள் கையிலிருந்த மனுவைப் பார்த்தார், அதே வட்ட எழுத்து. வாயைத் திறந்தார். மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அதுவும் ஒரு மாதிரிக் கடிதம்தான். தன் தாளை அவளிடம் நீட்டினார். “என்ன சார் இது?” “உங்க பேப்பரப் பத்தித்தான்மா. நீங்க கேட்டதுக்குப் பதில்.” ஜன்னலுக்குள் இருந்தவன், “சார் சார், அது ஆபீஸ் லெட்டர், வெளியாளுக்குக் குடுக்கக் கூடாது” என்றான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

அவள் படித்தாள். உதடு லேசாக அசைந்தது, ஒவ்வொரு சொல்லாக. இரண்டாவது வரியில் நின்று மறுபடி முதல் வரிக்குப் போனாள். முகத்தில் அழுகையும் வரவில்லை, நன்றியும் வரவில்லை. “நீங்கதானா?” என்றாள். “ஆமா.” அவர் அடுத்து வரப்போவதற்குக் காத்திருந்தார், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள. அவள் மறுபடி தாளுக்குத் திரும்பினாள். கடைசி வரிவரை போனாள். தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தாள். பிறகு அவருடைய தாளின் மேல் தன் மனுவை வைத்து, ஓரங்களைச் சரியாகத் தட்டிச் சேர்த்து, அவரைத் தாண்டி ஜன்னலுக்குள் கையை நீட்டினாள். “அண்ணே, ரெண்டையும் ஒண்ணா சேத்துப் பின் அடிங்க. ஒரே நம்பர் போட்டு, அந்த நம்பர எனக்கும் எழுதிக் குடுங்க.”